ஓய்வு நிலத்தில் நாலு குவியல்

ஊரில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே லாரிக்காரர் வீட்டம்மா. தலை மறைந்ததும் துடைப்பம். இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. தெரியும். வைத்தது யார் என்பதுகூடத் தெரியும். துடைப்பம் இல்லாமல் எந்த வீட்டில் பொழுது விடிகிறது, வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெயர் பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸில் உட்காருவதற்கு முன்னால் சீட்டைத் துடைப்பாள். இறங்கும்போது இன்னொரு தடவை துடைப்பாள். எதற்கு என்று கேட்டால், நான் உட்கார்ந்த இடமாச்சே என்பாள். துக்கம் கேட்கப் போன வீட்டில் வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போய் அழுதாள். அடுப்புக்குப் பின்னால், அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் என்று மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இடங்களில்தான் அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

வயலிலும் அப்படியே. புருஷன் வாரத்தில் ஐந்து நாள் லாரியில் சுமை ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விடுவார். பிள்ளைகள் இரண்டும் டவுனில் விடுதியில் தங்கிப் படித்தன. விதைப்பதும் தண்ணீர் பாய்ச்சுவதும் அறுப்பதும் அவள்தான். அவள் போட்ட மக்காச்சோள வரிசையின் இந்த முனையில் நின்று பார்த்தால் அந்த முனை தெரியும். வரப்பில் ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இத்தனை சுத்தத்துக்கும் தண்ணீர் வேண்டுமே. கிணறு வீட்டுக்குப் பின்னால். சமையலறையிலிருந்து கிணற்றடிக்குப் போக நாற்பத்திரண்டு எட்டு. திரும்பி வர நாற்பத்தைந்து, ஏனென்றால் இரண்டு கையிலும் வாளி தொங்கும்போது எட்டு சுருங்கிவிடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கணக்கு மாறவில்லை. சமையலறைக்குள் ஒரு குழாய், அதைத் திருகினால் தண்ணீர். அவள் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் குழாய்க்கு வழி விட்டது கீழ் வயல். இரண்டு ஏக்கர், அவள் அப்பா கொடுத்த பணத்தில் வாங்கியது, பத்திரம் அவள் பெயரில். வருஷம் தவறாமல் மக்காச்சோளம் போட்டுப் போட்டு மண் களைத்துப் போயிருந்தது. கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. அந்த நேரத்தில்தான் வேளாண்மை அலுவலகத்தில் நில ஓய்வு மானியம் என்று ஒன்றை அறிவித்தார்கள். களைத்த நிலத்தை மூன்று வருஷம் உழாமல், விதைக்காமல் சும்மா விட வேண்டும். விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை, நிலத்துக்கு உரியவர் கணக்கில் அரசாங்கம் பணம் போடும்.

புருஷன் இதைப் படித்துச் சொன்னபோது அவள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா இடுப்பு ஒடிய வேலை செய்யறேன், எவனும் ஒரு காசு குடுத்ததில்ல. அது மல்லாந்து படுத்துக் கிடக்கும், அதுக்குச் சம்பளமா? அடுத்த ஜென்மத்துல நிலமாப் பொறந்துடறேன், போங்க."

சிரித்தாளே தவிர, மண்ணுக்கு ஓய்வு தேவை என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். முதல் வருஷம் சொன்னபடி பணம் வந்தது. அதில் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்கள். கிணற்றிலிருந்து வீட்டுக்குப் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். சமையலறைச் சுவரில் துளை போட்டு, குழாயின் முனை உள்ளே ஒரு சாண் நீட்டிக்கொண்டு வந்து நின்றது. பணமும் அங்கேயே நின்றது. மேலே தொட்டி வைப்பதும், கீழே கழுவும் தொட்டி கட்டுவதும், திருகுகிற குழாய் மாட்டுவதும் இரண்டாம் வருஷப் பணத்தில் என்று முடிவானது. அதுவரை பூச்சி வராமல் இருக்க அந்த முனையை ஒரு துணியால் அடைத்தாள். அந்தத் துணியையும் வாரத்துக்கு ஒரு தடவை துவைத்துக் காயவைத்துத் திரும்ப அடைத்தாள்.

முதல் வருஷம் கீழ் வயலில் வெறும் புல்தான் முளைத்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டு போய்வந்தாள். இரண்டாம் வருஷ மழைக்குப் பிறகுதான் பஞ்சுக்களை வந்தது. இடுப்பு உயரம் வளரும். உச்சியில் வெள்ளையாகப் பூக்கும். பூ காய்ந்தால் விதை ஒவ்வொன்றும் ஒரு பஞ்சுத் துணுக்கைக் குடையாகப் பிடித்துக்கொண்டு காற்றில் கிளம்பும். ஒரு செடி நின்றால் போதும், அடுத்த வருஷம் சுற்றியுள்ள நாலு வயலுக்கும் அது சொந்தம் கொண்டாடும். வேரோடு பிடுங்குவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

கீழ் வயலுக்கு அடுத்தது ஓரகத்தியின் வயல். அதாவது புருஷனின் அண்ணன் மனைவி. அந்தப் பக்கத்தில் அவள் வெங்காய நாற்று விட்டிருந்தாள். ஊசி ஊசியாக அப்போதுதான் தலை தூக்கியிருந்தது. பஞ்சுக்களை விதை பறந்து அதில் விழுந்தால் நாற்று எது, களை எது என்று பிரிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்.

ஓரகத்தியும் துடைப்பமும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு அண்டா. விசேஷத்துக்கு என்று வாங்கிக்கொண்டு போன பெரிய அண்டாவை ஓரகத்தி அடிப்பிடித்த கருப்போடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தேய்க்கவில்லை. தேய்த்தும் போகவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. துடைப்பம் இரண்டு நாள் உட்கார்ந்து சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துக் கருப்பை எடுத்தாள். மூன்றாம் நாள் வீதியில் நின்று, பாத்திரத்தைப் பற்றி ஆரம்பித்து ஓரகத்தியின் வளர்ப்பில் கொண்டுபோய் முடித்தாள். அதற்கு வந்த பதில்தான் அந்த இரண்டாவது பெயர்.

இருந்தாலும் களை களைதானே. ஒரு விடியற்காலையில் கீழ் வயலுக்குள் இறங்கினாள். உழக் கூடாது, மண்வெட்டி போடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டது நினைவிருந்தது. கை மண்வெட்டி இல்லையே என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பஞ்சுக்களையை மட்டும் பிடுங்கினாள். புல்லைத் தொடவில்லை, மற்ற செடிகளைத் தொடவில்லை. ஒன்பது நாள் காலையில் இதே வேலை. பிடுங்கியதை வழக்கம்போல வயலின் நாலு மூலையிலும் நாலு குவியலாக, வேர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினாள். பத்தாம் நாள் வரப்பில் நின்று பார்த்தபோது மனசு நிறைந்தது.

அந்த மனசு நிறைவுதான் வம்பாகப் போயிற்று.

அலுவலகத்திலிருந்து சின்ன விமானம்போல ஒன்றைப் பறக்கவிட்டு ஓய்வு நிலங்களை எல்லாம் மேலிருந்து படம் பிடித்திருந்தார்கள். கள அலுவலர் பைக்கில் வந்து இறங்கினார். நாற்பதை நெருங்குகிற ஆள், நல்ல மாதிரி, எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் மறுக்காமல் குடிப்பவர். போனில் அந்தப் படத்தைக் காட்டினார். மற்றவர்களின் ஓய்வு நிலமெல்லாம் நாலு நாள் சவரம் செய்யாத தாடை மாதிரி இருந்தது. இவள் நிலம் மட்டும் எண்ணெய் வைத்து வகிடு எடுத்தது போல் இருந்தது. நாலு மூலையில் நாலு பொட்டு.

என்ன இது என்று கேட்டார். களை எடுத்தேன் என்றாள்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அம்மா, அதைச் சத்தமாச் சொல்லாதீங்க."

விதி ஏழு என்று ஒன்று இருந்தது. ஓய்வு நிலத்தில் தானாக வளரும் எந்தச் செடியையும் மனிதக் கை அகற்றக் கூடாது. மீறினால் அந்த வருஷப் பணம் கிடையாது. அவள் அதைப் படிக்கவில்லை. புருஷன் படித்திருந்தார், ஆனால் அவள் கை சும்மா இருக்காது என்பதை இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் யோசிக்கவில்லை.

அன்றைக்குப் புருஷன் வீட்டில் இருந்தார். கள அலுவலரோடு வரப்பில் நின்று குசுகுசுவென்று பேசினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் ஆடுகள் ஆறும் மேய்ந்துகொண்டிருந்தன. கள அலுவலர் அவற்றைப் பார்த்தார். புருஷனும் பார்த்தார். விதி ஒன்பதில் அதற்கு இடம் இருந்ததாம். பக்கத்து வீட்டுக் கால்நடை அத்துமீறி மேய்ந்தால் நிலத்துக்காரர் மேல் குற்றம் இல்லை, கால்நடைக்காரர் அபராதம் கட்டினால் போதும். அபராதம் கட்டத் தவறினால் அவர்களுடைய மானியத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஓரகத்திக்கு வெங்காய விதைக்கு வரும் மானியம் ஒன்று இருந்தது.

கள அலுவலர் போன பிறகு புருஷன் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. ஆடுகள்தான் மேய்ந்தன என்று ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் குழாயும் வரும், அண்டாவுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும் என்றார். நீ ஆறு வருஷமா எதிர்பார்த்த நாள் இது என்றார். அண்ணன் வீட்டுக்கு ஒரு சின்ன அபராதம் பெரிய விஷயமில்லை என்றார்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த துணி அடைத்த குழாயைப் பார்த்தாள். அங்கே தண்ணீர் கொட்டுவதையும், அதைக் கேள்விப்பட்டு ஓரகத்தியின் முகம் போகிற போக்கையும் நினைத்துப் பார்த்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் பேசாமல் இருந்ததைப் புருஷன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கள அலுவலரிடம் ஆட்டுக் கதையை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அன்றைக்கு அவருக்கு வெளியூர் லோடு. வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்தார். "உள்ள போனதும் வாயத் தொறக்காத. காட்டற இடத்துல கையெழுத்துப் போடு, வந்துடு. உன்னால முடியும், கொஞ்சம் முயற்சி பண்ணு."

அலுவலகம் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. வாசல் படியில் சிமெண்ட் வெடிப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு பஞ்சுக்களை, முழங்கால் உயரத்துக்கு நின்றது. பூ காய்ந்து கிளம்பத் தயாராக இருந்தது. வேளாண்மை அலுவலக வாசலில். அவள் குனிந்து வேரோடு பிடுங்கினாள். விதை பறக்காமல் தலையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். போடுவதற்குக் குப்பைக்கூடை தேடினாள். இருந்த ஒரு கூடையும் டீ கப்பால் நிரம்பி வழிந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

நடையில் ஒரே ஒரு பெஞ்ச். அதன் ஒரு முனையில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள், கையில் இதே மாதிரிக் கடிதத்தோடு.

துடைப்பம் பெஞ்சின் அடுத்த முனையைத் துடைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நடுவையும் துடைத்தாள். உட்கார்ந்தாள். ஓரகத்தி எதிரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்து, எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நாள் என்றாள். பலகை ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பம் பக்கவாட்டில் பார்த்தாள். ஓரகத்தியின் விரலிடுக்கில் ஈர மண் இருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் பெரிய அதிகாரி, ஐம்பது வயது அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் நாடா கட்டிய கோப்புகள் தோள் உயரத்துக்கு. தலைக்கு மேலே மின்விசிறி, வேகத்தைக் குறைக்கும் திருகு உடைந்து போனதால் முழு வேகத்தில் சுழன்றது. காகிதங்கள் மேல் எல்லாம் கல், பேப்பர் வெயிட், ஒரு பூட்டு. ஓரத்தில் கள அலுவலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெரிய அதிகாரி படித்தார். இன்ன நிலத்தில், இன்ன தேதி வாக்கில், பக்கத்து நிலத்துக்காரரின் ஆடுகள் ஆறும் அத்துமீறி நுழைந்து தாவரங்களை மேய்ந்துவிட்டபடியால், நிலத்துக்காரர் மேல் விதிமீறல் இல்லை என்றும், ஆட்டுக்காரர் அபராதத்துக்கு உரியவர் என்றும்.

"என் ஆடா?" என்றாள் ஓரகத்தி. "என் ஆடு கயித்துல கட்டினதுங்க மேடம். வேலி தாண்டினதே இல்ல."

பெரிய அதிகாரி காகிதத்தைத் துடைப்பத்தின் பக்கம் திருப்பி வைத்து, கீழே ஒரு இடத்தைப் பேனாவால் காட்டினார். கள அலுவலர் கண்ணாலேயே கெஞ்சினார்.

துடைப்பம் பேனாவை எடுக்கவில்லை.

"மேடம், அந்த போட்டோவுல நாலு மூலையில நாலு குவியல் இருக்குதே, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றார்.

"ஆறு ஆடும் மேஞ்சு முடிச்சுட்டு, மிச்சத்தை வேர் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமா அடுக்கி வெச்சுட்டுப் போச்சாமா? அப்படி ஒரு ஆடு இருந்தா சொல்லுங்க, நான் வீட்டு வேலைக்கு வெச்சுக்கறேன்."

கள அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

"நான்தான் பிடுங்கினேன். கையால. ஒன்பது நாள். இவங்க ஆடு எங்க வரப்பைக்கூடத் தொட்டதில்ல."

பெரிய அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இப்படிச் சொன்னால் இந்த வருஷப் பணம் வராது, அது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். வீட்டில் குழாய் வேலை பாதியில் நிற்பதாகக் கள அலுவலர் எழுதியிருக்கிறாரே என்றார். நிற்கிறது என்றாள்.

"பின்ன எதுக்கும்மா?"

"நான் பாத்திரம் கழுவற இடம் அது மேடம். ஒரு நாளைக்கு இருபது தடவை திறப்பேன். திறக்கறப்பெல்லாம் எனக்கு ஆடு கத்தற சத்தம்தான் கேக்கும். அதுக்கு நான் நாற்பத்தைந்து எட்டு நடந்தே தூக்கிக்கறேன்."

பெரிய அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்த மேஜையில் நாள் முழுக்கப் பொய்யைப் படித்துக் கையெழுத்து வாங்கி அலுத்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொரு வழி சொன்னார். ஆட்டை விட்டுவிடலாம். தெரியாமல் செய்துவிட்டேன், இனி செய்ய மாட்டேன் என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு முடித்து, பணத்தையும் கொஞ்சம் தாமதமாக விடச் சொல்லலாம். பொய்யும் இல்லை, யாருக்கும் கஷ்டமும் இல்லை.

இது நல்ல வழிதான். ஓரகத்திகூட முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, போடு என்பது போல் தலையசைத்தாள்.

"மறுபடி முளைச்சா மறுபடி பிடுங்குவேனே மேடம். அப்புறம் எப்படி எழுதிக் குடுக்கறது?"

"செடியைத் தொடக் கூடாதுங்கறதுதாம்மா விதி. மண்ணு தானா தேறணும்னு வெச்சிருக்காங்க."

"மண்ணு தேறட்டும். புல்லு இருக்கு, பூண்டு இருக்கு, அதையெல்லாம் நான் தொடல. இந்த ஒண்ணை மட்டும்தான் எடுத்தேன். இதை விட்டா என் மண்ணோட நிக்காது."

அப்படிச் சொல்லிக்கொண்டே இது எது என்று காட்டுவதற்காக இத்தனை நேரம் பொத்தி வைத்திருந்த கையை மேஜை மேல் திறந்தாள். மின்விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

கண் மூடித் திறப்பதற்குள் அறை வெள்ளையாகிவிட்டது. விதைகள் குடை பிடித்துக்கொண்டு மேலே போயின, சுற்றின, இறங்கின. கோப்புகளின் இடுக்கில் புகுந்தன. பெரிய அதிகாரியின் தலைமுடியில் பத்து, கண்ணாடியில் இரண்டு, டீயில் ஒன்று மிதந்தது. கள அலுவலர் வாயைத் திறந்தபடி நின்றதால் ஒன்றை விழுங்கிவிட்டு இருமினார்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம்," என்று துடைப்பம் உடனே ஒரு காகிதத்தை எடுத்து மேஜையைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டக் கூட்ட அது பறந்தது. "ஒரே ஒரு செடி. உங்க வாசப்படியில நின்னது. என் வயல்ல எத்தனை நின்னிருக்கும்னு பாத்துக்குங்க. பக்கத்துல வெங்காய நாத்து."

பெரிய அதிகாரி டீயிலிருந்து விதையை விரலால் எடுத்துப் போட்டார். இந்த விதியைத் தான் எழுதவில்லை என்றார்.

"எழுதினவங்க யாரும் களை எடுத்ததில்லன்னு தெரியுது," என்றாள்.

பணத்தைத் தன்னால் தர முடியாது, அது தன் கையில் இல்லை என்று அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றாள். ஆனால் பிடுங்கினது யார், எதற்காக என்று அப்படியே எழுத வேண்டும், ஒரு நகலும் வேண்டும் என்றாள். அதிகாரி புதிய தாள் எடுத்து எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னாள். நிலத்துக்காரர் அறியாமையால் களைகளை அகற்றியதாக என்று ஆரம்பித்தது.

"அறியாமை இல்ல. அந்த வார்த்தைய அடிங்க."

"உங்களுக்கு நல்லதுக்குத்தான் போட்டேன்."

"விதி தெரியாமப் பண்ணினேன்னு வேணா எழுதுங்க. களை எடுக்கத் தெரியாமப் பண்ணினேன்னு வரக் கூடாது. அதை நான் தெரிஞ்சுதான் பண்ணினேன்."

அடித்தார். பக்கத்து நிலத்தின் நாற்றுக்குப் பரவாமல் இருக்க என்பதையும், மறுபடி முளைத்தால் மறுபடி பிடுங்குவார் என்பதையும் அவள் சொன்னபடியே சேர்த்தார். காய்ந்து போயிருந்த மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு முத்திரை குத்தினார். துடைப்பம் கையெழுத்துப் போட்டாள். நல்ல தெளிவான கையெழுத்து, கோட்டை விட்டு ஏறவுமில்லை இறங்கவுமில்லை. எழுந்து வரும்போது தான் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஓரகத்தி அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழி போனது. பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"இந்த வருஷம் என் நாத்துல பஞ்சுக்களையே இல்லையேன்னு பாத்தேன்."

"உங்களுக்காக ஒண்ணும் பிடுங்கல. என் கண்ணை உறுத்துச்சு, பிடுங்கினேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"அதான் சொல்லிட்டேன், தெரிஞ்சுக்குங்க."

ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். இறங்குகிற இடம் வந்ததும் ஓரகத்தி முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

புருஷன் லோடு முடித்து வந்தபோது விஷயம் அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டார். மூன்றாம் நாள், ஊரே சிரிக்கிறது என்றார். சிரிக்கட்டும், இந்த ஊருக்குச் சிரிக்க வேறு விஷயம் ஏது என்றாள். வாளி இரண்டையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மோட்டார் இருந்ததால் இறைக்கும் வேலை இல்லை, தூக்கும் வேலை மட்டும் இருந்தது. போக நாற்பத்திரண்டு, வர நாற்பத்தைந்து. ஒரு நாள் அவர் எழுந்து வந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டார். ததும்பத் ததும்ப எடுத்து வந்து தரையெல்லாம் கொட்டினார். அதையும் துடைத்தாள்.

முத்திரை குத்திய நகலை மடித்து வைக்கவில்லை. சமையலறைச் சுவரில், துணி அடைத்த குழாய்க்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினாள். யாராவது வந்து, பாவம், குழாய் இப்படி நிற்கிறதே என்று உச்சுக் கொட்டினால், மேலே இருப்பதைப் படிங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மூன்றாம் வருஷத்துக்கான படிவம் வந்தது. ஓய்வு நிலத்தை அவள் கைவிடவில்லை. மண் ஒரு கை அள்ளிப் பார்த்தால் முன்பைவிடப் பொலபொலவென்று இருந்தது. எந்தக் கோபத்துக்காகவும் அதை இப்போது உழுது கெடுப்பதாக இல்லை. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஓய்வுக் காலத்தில் நிலத்தில் ஏதேனும் பணி மேற்கொள்ளப்படுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கள அலுவலர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் இல்லை என்ற கட்டத்தில்தான் கோடு போடுவார்கள் என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார்.

அவள் ஆம் என்ற கட்டத்தில் பெரிதாகக் கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: பஞ்சுக்களை மட்டும் பிடுங்கப்படும். கையால். பிடுங்குவது நான்.

"இதுக்குப் பணம் வராதும்மா."

"வந்தா வரட்டும், வரலைன்னா இருக்கட்டும். இந்த வரியை யாராவது ஒருத்தர் படிச்சுத்தானே ஆகணும்."

பதில் இன்னும் வரவில்லை. மழை வந்தது. களை வந்தது. அவளும் இறங்கினாள். இந்தத் தடவை விடியற்காலையில் ஒளிந்து அல்ல, வீட்டு வேலை முடித்து, வெயில் ஏறிய பிறகு, நாலு பேர் வரப்பில் போகும் நேரத்தில். அலுவலகத்தின் விமானம் ஒரு நாள் தலைக்கு மேலே வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் நிமிர்ந்து, கையிலிருந்த களையை வேரும் தலையும் தெரியும்படி அதற்குத் தூக்கிக் காட்டினாள். போன வருஷம் சின்னதாக இருந்த நாலு குவியலையும் இந்த வருஷம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாள். எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரியட்டும்.

ஆறாம் நாள் போனபோது வேலியோரம் ஐந்தாவதாக ஒரு குவியல் இருந்தது. அவள் போட்டதில்லை. வெங்காயப் பக்கத்து வரப்பில் நின்ற களையை எல்லாம் யாரோ பிடுங்கி வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வேரும் தலையும் கலந்து, மண்ணைக்கூட உதறாமல் அள்ளிக் கொட்டியது போல் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு ஆடும் கயிற்றில் கட்டியபடி அவளைப் பார்த்தன.

"இதைக்கூட ஒழுங்காப் போடத் தெரியல," என்று வேலிக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மண்ணை உதறி, வேர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்க ஆரம்பித்தாள்.